இரவு முழுக்க ஓடும் கம்ப்யூட்டர்: எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கரண்ட் பில் குறையுமா?

மெய்ப்பு_மதுரை:
வணக்கம். வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு வரை கம்ப்யூட்டர்தான். இரவிலும் அணைப்பதில்லை. அகராதி, கோப்புகள், பிரவுசர் டேப்கள் என்று எல்லாம் திறந்து கிடக்கும். அணைத்துவிட்டால் காலையில் விட்ட இடத்தைத் தேடி எடுக்கவே நேரம் போய்விடும். இந்த முறை இரண்டு மாத பில்லில் 540 யூனிட். வீட்டில் ஏசி கிடையாது. சிஸ்டம் மூன்றாம் தலைமுறை ஐ5, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி), 22 அங்குல எல்இடி மானிட்டர், மகன் விளையாடுவதற்காகப் போட்ட கிராபிக்ஸ் கார்டு, 600 விஏ யூபிஎஸ். "450 வாட் என்றால் மணிக்கு அரை யூனிட் போகும், புது எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாற்றலாமா?

கோவை_ராஜா:
ஸ்க்ரீன்சேவர் போட்டு, டார்க் மோடுக்கு மாறுங்கள் மேடம். எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்.

சர்வீஸ்_திருமங்கலம்:
அக்கா, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எஸ்எம்பிஎஸ் வாங்க வேண்டாம். 450 வாட் என்பது அதனால் அதிகபட்சம் கொடுக்க முடிகிற அளவு. மதர்போர்டும் கார்டும் கேட்பதைத்தான் அது இழுக்கும், கூடவே சூடாக வீணாவது கொஞ்சம். உங்கள் சிஸ்டம் வேலை நேரத்தில் மானிட்டர், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து 110 வாட் பக்கம் வரும். மானிட்டர் அணைந்து சும்மா நிற்கும்போதும் 80 வாட் வரை ஓடலாம்.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். பகல் பத்து மணி நேரம் 110 வாட், 1.1 யூனிட். மீதி பதினான்கு மணி நேரம் 80 வாட், 1.12 யூனிட். யாரும் தொடாத நேரத்துக்குத்தான் அதிகம் போகிறது! 60 நாளைக்கு அந்தச் சும்மா நேரம் மட்டும் 67 யூனிட்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் ஈபி மீட்டரிலேயே பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டு எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் 50 சிமிட்டல் என்றால் சுமார் 94 வாட். ஒரு நிமிடம் மட்டும் எண்ணினால் கணக்கு முன்னே பின்னே போகும்.

இனி மருந்து. இரவில் ஸ்லீப் போடுங்கள். திறந்திருக்கும் வேலையை வைத்திருக்கும் ராம் நினைவகத்துக்கு மட்டும் கரண்ட் போகும், சிபியூ பெட்டி இழுப்பது 3 வாட்டுக்குள் அடங்கிவிடும். காலையில் ஒரு கீயைத் தட்டினால் கர்சர் விட்ட இடத்திலேயே நிற்கும். டெஸ்க்டாப் விண்டோஸில் ஹைப்ரிட் ஸ்லீப் இருக்கிறதா என்று பவர் ஆப்ஷன்ஸில் பாருங்கள். அது இருந்தால் டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதிவைக்கும், நடுராத்திரி கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்தாலும் வேலை போகாது. அதற்காகப் படுக்கும் முன் சேவ் செய்யாமல் விடாதீர்கள்.

பலர் "ஸ்லீப் போட்டால் தானாக எழுந்துவிடுகிறது" என்று கடைக்கு வருவார்கள். பெரும்பாலும் மவுஸ்தான் காரணம். கண்ணாடி மேசையில் ஆப்டிகல் மவுஸ் இருந்தால், தெருவில் லாரி போகிற அதிர்வு போதும். டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மெண்ட்டில் கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதிக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்கு இருக்கட்டும். அப்புறமும் எழுந்தால் நெட்வொர்க் கார்டுக்கும் இதையே செய்யுங்கள்.

ராஜா சார், ஸ்க்ரீன்சேவர் பழைய டப்பா மானிட்டருக்காக வந்தது. ஒரே படம் வெகுநேரம் நின்றால் திரையில் தழும்பு விழும், அதைத் தடுக்கத்தான். கரண்டை அது மிச்சப்படுத்தாது, கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை வைக்கும். எல்இடி மானிட்டரில் திரை கறுப்பாக இருந்தாலும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். பிரைட்னஸைக் குறைத்தால்தான் பலன், கண்ணுக்கும் நல்லது. டார்க் மோடில் கரண்ட் மிச்சமாவது பின்விளக்கே இல்லாத ஓஎல்இடி திரையில்தான்.

மகன் விளையாடும்போது ஃப்ரேம் ரேட்டை, அதாவது கார்டு நொடிக்கு வரையும் படங்களை, 60இல் நிறுத்தச் சொல்லுங்கள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படம்தான் காட்டும், அதற்கு மேல் கார்டு வரைவதெல்லாம் வீண் சூடு.

தல்லாகுளம்_வாசி:
அந்த 67 யூனிட்டில் ஸ்லீப்புக்குப் போவது போக சுமார் 65 மிச்சம். 540இல் 65 குறைந்தால் 475. இதுதான் முக்கியம். 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கு நமக்குக் கிடைக்கும் சலுகை கிடைக்காது. அந்த 65 யூனிட்டோடு இந்தப் பணமும் மிச்சம்.

மெய்ப்பு_மதுரை:
ரொம்ப நன்றி தம்பி. எஸ்எம்பிஎஸ் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். மவுஸ் டிக்கையும் எடுத்தாயிற்று. ஊருக்குப் போகும்போது நாலைந்து நாள் ஸ்லீப்பிலேயே விடலாமா? ஹைபர்னேட் என்று ஒன்று சொல்கிறார்களே, என் மெனுவில் அது இல்லை.

சர்வீஸ்_திருமங்கலம்:
ஊருக்குப் போனால் ஹைபர்னேட்தான் அக்கா. ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும், திரும்பி வந்து போட்டால் எல்லாம் திறந்தபடி வரும். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தைத் திறங்கள். மேலே, இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் கீழே ஹைபர்னேட் டிக் வரும். சிஸ்டம் அணைந்ததும் யூபிஎஸ்ஸையும் அணைத்து, சுவர் சுவிட்சையும் ஆஃப் செய்துவிட்டுக் கிளம்புங்கள். சும்மா இருக்கும் யூபிஎஸ்ஸும் சில வாட் தின்றுகொண்டே இருக்கும்.