மிளகு சீசன் விபத்துகள்: இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எதைக் கேட்பது?

மலையடிவாரத்தான்:
வணக்கம்ங்க. ஏற்காடு மலையில் எங்க ஊர் இளைஞர் மன்றம் சார்பா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியை அணுகலாம்னு இருக்கோம். ஒரு மருத்துவ முகாம், கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குவி கண்ணாடி, மிளகு பறிக்கிறவங்களுக்கு விபத்துக் காப்பீடு, இந்த மூணும் கேட்கணும். மன்றம் இன்னும் பதிவு ஆகலை. சேலம் கிளையில் மனு கொடுத்தா போதுமா?

கணக்குப்பிள்ளை:
கிளையில் கொடுக்கலாம், ஆனா முடிவு அங்கே ஆகாதுங்க. சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.) தலைமை அலுவலகத்தின் கையில் இருக்கு. 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆவது பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் கடந்த 3 ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கணும். நட்டத்தில் ஓடுற கம்பெனியிடம் இந்தப் பணமே இருக்காது. முதல்ல ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். பக்கத்தைப் பாருங்க, எந்த ஊருக்கு எதுக்குக் கொடுத்தாங்கன்னு அதிலேயே இருக்கும்.

பதிவில்லாத மன்றத்துக்குப் பணம் வராது. வாங்குற அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், சி.எஸ்.ஆர். பணம் வாங்கப் பதிவு செஞ்ச சி.எஸ்.ஆர்-1 எண்ணும், அதே மாதிரி வேலையில் 3 ஆண்டு அனுபவமும் வேணும். இன்னைக்குப் பதிவு செஞ்சாலும் 3 வருஷம் காத்திருக்கணும். அதனால தகுதியுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேருங்க. இல்லைன்னா, "பணம் வேண்டாம், பொருளா நீங்களே வாங்கிக் கொடுங்க"ன்னு கேளுங்க. கம்பெனி நேரடியா செய்யச் சட்டத்தில் இடம் இருக்கு. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குது, மனு சித்திரை வைகாசியிலேயே போயிடணும். தை மாசம் போய் நின்னா பெரும்பாலும் பணம் வேற எங்கேயோ ஒதுக்கியாச்சு.

முகாம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஓரத்தில் மேசை போட்டு பாலிசி விற்றா அது விளம்பரம்தான், சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது.

கண்ணாடி எனக்கு அவ்வளவா ஒப்பலைங்க. நெடுஞ்சாலைத் துறை அனுமதி இல்லாம வளைவில் எதையும் நடக் கூடாது. அனுமதி வாங்கி நட்டாலும், பனி இறங்குற காலையில் கண்ணாடி வேர்த்துப் போய் ஒண்ணும் தெரியாது. குவி கண்ணாடியில் எதிரே வர்ற பஸ் இருக்கிறதை விடத் தூரமா வேற தெரியும். ஒளிரும் பட்டையும் தடுப்புக் கம்பியும் கேட்டு அந்தத் துறைக்கே மனு கொடுங்க.

வங்கி மித்ரா:
விபத்துக் காப்பீட்டுக்குக் கம்பெனியைத் தேடவே வேண்டாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை, வங்கி அல்லது தபால் கணக்கு இருந்தா போதும். விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண் அல்லது இரண்டு கை கால் போனாலோ 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனா 1 லட்சம். கால் முறிஞ்சு கட்டுப் போட்டா ஒண்ணும் கிடைக்காது, ஆஸ்பத்திரிச் செலவும் வராது. இதைச் சேர்க்கும்போதே சொல்லிடுங்க, இல்லைன்னா அப்புறம் உங்களைத்தான் திட்டுவாங்க.

எங்கே கோட்டை விடுறாங்கன்னா: காப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லைன்னா புதுப்பிக்காது. பறிப்பு நடக்குற தை மாசியில் காப்பே இருக்காது, யாருக்கும் தெரியாது. மே 15-க்குள்ள ஊரில் எல்லார் பாஸ்புக்கையும் பாருங்க. இரண்டு வங்கியில் சேர்ந்தாலும் ஒரு தொகைதான். நாமினி சின்னப் பிள்ளைன்னா காப்பாளர் பேரையும் எழுதணும்.

சாலை விபத்து, நீரில் மூழ்குறதுக்கெல்லாம் போலீஸ் புகார் வேணும். மரத்திலிருந்து விழுந்தாலோ பாம்பு கடிச்சாலோ உடனடி மருத்துவமனைப் பதிவுதான் ஆதாரம். நாட்டு வைத்தியம் பார்த்துட்டு மூணாம் நாள் போனா கோரிக்கை நிற்காது. ஆஸ்பத்திரிச் சீட்டில் "கீழே விழுந்தார்"னு மட்டும் எழுதாம "மரத்திலிருந்து விழுந்தார்"னு எழுதச் சொல்லுங்க, ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்கி வைங்க. படிவத்தை 30 நாளுக்குள்ள வங்கிக் கிளையில் கொடுத்துடுங்க.

தோட்டத்து மேஸ்திரி:
அப்படின்னா கம்பெனியிடம் கேட்க வேண்டியது பாதுகாப்பு பெல்ட்டுதான். இடுப்பு பெல்ட் வேண்டாம், விழுந்தா முதுகெலும்புக்கு ஆபத்து. ஐ.எஸ். 3521 முத்திரை உள்ள முழு உடல் பெல்ட், கூடவே கயிறு, ஒரு நாள் பயிற்சி. மரம் ஏறுறவங்க எத்தனை பேர்னு எண்ணி, ஆளுக்கு ஒண்ணுன்னு மனுவில் போடுங்க. கயிற்றைத் தலைக்கு மேலே, மிளகுக் கொடி படர்ற சில்வர் ஓக் மரத்தின் அடிமரத்தில் கட்டணும். மிளகுக் கொடியிலோ பக்கக் கிளையிலோ கட்டினா கட்டாததுக்குச் சமம். ஒருமுறை ஆளைத் தாங்கின பெல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, தையல் உள்ளே விட்டிருக்கும்.

ஏணிக்கு: 20 அடி உயரத்தில் சாய்ச்சா ஏணியின் கால் மரத்திலிருந்து 5 அடி தள்ளி இருக்கணும், மேல் முனையை மரத்தோடு கட்டணும். மழை பெய்ஞ்ச மண்ணில் ஒரு கால் மட்டும் புதையும், ஏணி பக்கவாட்டில் சாயும். கீழே பலகை வைங்க.

எஸ்டேட்டில் கான்ட்ராக்டர் வெச்சுப் பறிச்சாலும் விபத்து நஷ்டஈட்டுக்கு எஸ்டேட் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருக்காங்களான்னு சீசனுக்கு முன்னாடியே கேளுங்க.

மலையடிவாரத்தான்:
நன்றிங்க. முகாமும் கண்ணாடியும் விட்டாச்சு. இன்னொண்ணு: மலைப்பாதையில் இடிச்சுட்டு நிக்காம போற வண்டிக்கு?

கணக்குப்பிள்ளை:
வண்டி எதுன்னு தெரியலைன்னா, 1.4.2022 முதல் நடக்கிற விபத்துகளுக்கு அரசுத் திட்டத்தில் இழப்பீடு உண்டு: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனு வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம். எஃப்.ஐ.ஆரில் "அடையாளம் தெரியாத வாகனம்"னு இருக்கணும். எண் தெரிஞ்சா வழியே வேற, அந்த வண்டியின் இன்சூரன்ஸ் மேலே மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் 6 மாசத்துக்குள்ள போடணும்.