மாயாவி திரைக்கு வருமுன்: காமிக்ஸ் வாசகர்கள் கண்டதும் கற்றதும்

திருவல்லிக்கேணி வாசகர்:

இரும்புக்கை மாயாவி படமாகப் போகிறது என்ற பேச்சு கிளம்புவதும் அடங்குவதுமாக வருஷங்கள் ஓடிவிட்டன. லோகேஷ் கனகராஜ் ஏதாவது பேட்டியில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், நம் குழுக்கள் தூங்காது. இந்தக் காத்திருப்பில் வாசகர்கள் எங்கெங்கே இடறுகிறார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: "ஆறாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து..." வகையறா வேண்டாம். அதை எல்லோரும் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அடுத்தவருக்குக் கைகொடுக்கும் விவரமாக இருக்கட்டும்.

முதலில் அடிப்படையை வைத்துவிடுகிறேன். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது இந்தக் கதை. மூலம் பிரிட்டிஷ் வார இதழான வேலியன்ட்டில் 1962-ல் தொடங்கிய தொடர். ஓவியர் ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான். கடைசிப் படக்கட்டத்தில் ஆபத்து, அடுத்த வாரம் தப்பித்தல். சிவகாசியில் முத்து காமிக்ஸ்காரர்கள் அதையெல்லாம் ஒரே புத்தகமாகக் கோத்தபோதுதான் அந்த மூச்சுமுட்டும் வேகம் வந்தது. படமாக்குகிறவருக்கு இதுவே முதல் தலைவலி. மூன்று பக்கத்துக்கு ஒரு முறை உச்சக்கட்டம் வரும் கதையில் இடைவேளையை எங்கே வைப்பது? எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் வந்த நாலு ஆபத்துகள் சப்பென்று ஆகிவிடும்.

இன்னொன்று, முதல் கதையில் மாயாவி நல்லவன் அல்ல. ஆய்வுக்கூட உதவியாளன், மின்சாரம் பாய்ந்து இரும்புக் கை மட்டும் தெரிய உருவம் மறைந்ததும் குற்றத்தில் இறங்குகிறான். உளவு அமைப்பில் சேர்வதெல்லாம் பிற்பாடு. நம் நினைவில் நிற்பது பிற்கால மாயாவி. படம் முதல் கதையைத் தொட்டால் "எங்கள் மாயாவியைக் கெடுத்துவிட்டார்கள்" என்று குதிக்கும் முன் அந்த இதழை ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

மந்தைவெளி சட்டக்காரர்:

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், குழப்பமே இங்கேதான். "இரும்புக்கை மாயாவி" என்பது தமிழில் வைத்த பெயர். மூலத்தில் அந்தப் பெயர் கிடையாது. அவன் லூயிஸ் கிராண்டேல். வெறும் தலைப்புக்குக் காப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிவிட்டது. ஆகவே இந்தத் தலைப்பில் ஒரு படம் வருகிறது என்றால் அதில் கிராண்டேல் இருப்பான் என்று அர்த்தமில்லை. பாத்திரமும் கதையும் வேண்டுமென்றால் மூல உரிமையாளரிடம்தான் போக வேண்டும். அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியம் 2018-லிருந்து இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது.

தமிழ்ப் பதிப்பகம் வாங்குவது மொழிபெயர்த்து அச்சிடும் உரிமை. அதில் திரைப்பட உரிமை அடங்காது. புத்தகக் காட்சியில் ஸ்டாலில் நிற்கிறவரைப் பிடித்து "சார், படம் எப்போ?" என்று கேட்பது, பால்காரரிடம் மாட்டின் ஜாதகம் கேட்பது மாதிரி. செய்தி வந்தால் "கதை: இன்ன காமிக்ஸைத் தழுவியது" என்ற வரியும் மூல உரிமையாளர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கை மட்டும் இரும்பான வேறு ஒரு ஆள்.

சாலிகிராமம் விஎஃப்எக்ஸ்:

காகிதத்தில் மாயாவியை மறைப்பதற்குக் காலணா செலவில்லை. பிளாஸ்கோ உடம்பை வரையாமல் விட்டார், முடிந்தது. ஒரு கட்டத்தில் கை கதவுப் பிடியில் இருக்கிறது, அடுத்த கட்டத்தில் வில்லனின் கழுத்தில். நடுவில் இருக்கும் அந்த வெள்ளை இடுக்கில் கை எப்படிப் பயணம் செய்தது என்று யாருமே கேட்டதில்லை. திரையில் அந்த இடுக்கு கிடையாது. விநாடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு பிரேமிலும் அந்தக் கை எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும்.

உடம்பில்லாத கையை அனிமேட்டர் தனியாக ஆட்டினால் அது தொங்கவிட்ட கையுறை மாதிரி மிதக்கும். தோள், முழங்கை, இடுப்புத் திருப்பம் எல்லாம் சேர்ந்துதான் மணிக்கட்டுக்கு எடை கொடுக்கின்றன. அதனால் நடிகர் முழுக் காட்சியையும் நடித்தே ஆக வேண்டும். பிறகு அவரை அழிக்க வேண்டும். அழித்த இடத்தில் எதை வைப்பது? அதற்குத்தான் கிளீன் பிளேட்: ஆள் இல்லாமல், அதே கேமரா நகர்வில் அதே இடத்தை இன்னொரு முறை எடுப்பது. கேமரா ஸ்டாண்டில் நின்றால் சுலபம். நகர்ந்தால் மோஷன் கன்ட்ரோல் (ஒரே கேமரா நகர்வை அச்சுப்பிசகாமல் திரும்பச் செய்யும் இயந்திரம்) வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு ஓடினால் பின்னணியைத் துண்டு துண்டாக ஒட்டுப்போட வேண்டியதுதான். இரண்டு டேக்குக்கும் நடுவே சூரியன் நகர்ந்திருந்தால், ஃபேன் ஓடியிருந்தால், புகை போட்டிருந்தால் இரண்டும் பொருந்தாது. மேகம் மூடித் திறக்கும் நாளில் சென்னை வெளிப்புறத்தில் இதை எடுப்பது பெரிய சோதனை.

நடிகருக்குப் பச்சை உடை போட்டு அந்த நிறத்தைக் கணினியில் நீக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கதைக்கு அதுதான் விஷம். கை எஃகு, பளபளப்பானது. பக்கத்தில் இருக்கும் பச்சை முழுக்க அதில் தெரியும். அந்தப் பச்சையைக் கழித்தால் உலோகம் செத்த சாம்பல் நிறமாகிவிடும். உருப்படியான வழி, நடிகருக்குச் சாம்பல் நிற உடை, மேலே அசைவைக் கணினி பின்தொடர டிராக்கிங் புள்ளிகள், கையை முழுக்க சிஜியில் (கணினி வரைகலையில்) செய்வது. அதற்கு ஒவ்வொரு லைட்டிங் மாறும்போதும் செட்டில் ஒரு குரோம் பந்தும் ஒரு சாம்பல் பந்தும் வைத்துப் படமெடுக்க வேண்டும்; சுற்றுப்புறம் முழுவதையும் வெவ்வேறு எக்ஸ்போஷரில் எச்டிஆர்ஐயாக (இருட்டும் வெளிச்சமும் முழுதாகப் பதிவான படமாக) எடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. "லைட் போயிடும், அடுத்த ஷாட்" என்ற அவசரத்தில் முதலில் பலியாவது அந்த ஐந்து நிமிடம்தான். பிறகு கை ஒட்டவைத்த ஸ்டிக்கர் போல் நிற்கும். ரசிகர்கள் "சிஜி சரியில்லை" என்பார்கள். சிஜி சரியாகத்தான் இருக்கும், வெளிச்சத் தகவல்தான் இருந்திருக்காது.

உடம்பை அழிப்பதைவிடக் கஷ்டம் உடம்பின் நிழலை அழிப்பது. அதேபோல் சோபாவில் உட்கார்ந்தால் மெத்தை அமுங்க வேண்டும், ஆனால் அமுக்கிய ஆள் தெரியக்கூடாது. டீசர் வந்தால் முகத்தையும் இசையையும் விடுங்கள். தரையில் விழும் நிழலில் கை மட்டும் இருக்கிறதா, கேமரா நகரும்போது எஃகில் தெரியும் ஜன்னல் பிரதிபலிப்பும் கூடவே நகர்கிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். மீதியைச் சொல்லிவிடலாம்.

(பிளக்கில் விரலை விட்டால் மறைந்துவிடலாம் என்று நம்பிய தலைமுறைக்காவது படத்தின் தொடக்கத்தில் ஒரு எச்சரிக்கை அட்டை போட வேண்டும்.)

அண்ணா நகர் டைகர் ரசிகர்:

விஎஃப்எக்ஸ் சாருக்கு ஒரு வணக்கம். ஆனால் படங்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கே அல்ல, பக்கக் கணக்கில். பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பம் ஒன்று சுமார் 46 பக்கம். அது மட்டும் இரண்டு மணி நேரத்துக்குக் காணாது. 2011-ல் ஸ்பீல்பெர்க் டின்டினை எடுத்தபோது மூன்று ஆல்பங்களைச் சேர்த்துப் பின்னினார். எதிர்ப்பக்கம் அகிரா: இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்), 1990-ல்தான் முடிந்தது, படமோ 1988-லேயே வந்துவிட்டது, 124 நிமிடம். எழுதியவரே இயக்கியதால் பிழைத்தது. ஓட்டோமோவுக்குத் தெரியும் எதை வெட்டினால் உயிர் போகாது என்று.

அமெரிக்க காமிக்ஸான வாட்ச்மென்னைப் பாருங்கள். மூலத்தில் ஐந்தாவது அத்தியாயத்தின் கட்டங்கள் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடி பிம்பம் போல் பொருந்தும்படி அமைந்தவை; நடுப்பக்கத்தை அச்சாக வைத்து அத்தியாயம் மடிகிறது. 2009 படம் பல கட்டங்களை அப்படியே பிரதி எடுத்தது, ஆனால் இதை எடுக்க முடியவில்லை. திரையில் பக்கமே கிடையாதே, எதை மடிப்பது? கட்டத்துக்குக் கட்டம் விசுவாசம் என்று ரசிகர்கள் கேட்பது பாதி நேரம் தவறான கோரிக்கை.

நம் கேப்டன் டைகருக்கு, அதாவது மூலத்தில் புளூபெர்ரி என்ற பெயர் கொண்ட கௌபாய் நாயகனுக்கு, 2004-ல் பிரான்ஸில் படம் வந்தது. குதிரையும் துப்பாக்கியும் எதிர்பார்த்துப் போனவர்களுக்கு மாயக்காட்சிகள் பரிமாறப்பட்டன. பெயரைப் பார்த்து டிக்கெட் எடுக்கக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. மந்தைவெளி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தமிழில் படித்தவருக்கு டிரெய்லரில் பாதிப் பெயர் புரியாது. டப்பிங்கில் "டைகர்" என்று கூப்பிட மாட்டார்கள்.

பெரம்பூர் பழைய புத்தகம்:

படச் செய்தி சூடாக இருக்கும் வாரத்தில் பழைய இதழ் வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால் கையில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எடுத்துப் போங்கள். அட்டையை அதன் வழியே பாருங்கள். ஆஃப்செட்டில் அச்சான அட்டையில் வண்ணப் புள்ளிகள் சின்னச் சின்ன ரோஜா வடிவில் ஒழுங்காக இருக்கும். கலர் ஜெராக்ஸ் அட்டையில் அந்த ஒழுங்கு குலைந்து கோடுகோடாகத் தெரியும். டோனர் மேலே படிந்து மினுங்கும், மடிப்பில் உதிர்ந்து வெள்ளை தெரியும். ஸ்டேப்ளர் பின்னைப் பாருங்கள்: காகிதத்தில் துருக்கறை இருக்கிறது, பின் மட்டும் புத்தம் புதுசு என்றால் உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

பக்கம் குறைகிறதா என்று எண்ண ஒரு குறுக்கு வழி. நடுவில் பின் அடித்த 64 பக்கப் புத்தகத்தில் ஒரே தாளில் வரும் ஜோடிப் பக்கங்களைக் கூட்டினால் 65 வரும். 15-16 காணோம் என்றால் அதன் மறுபாதியான 49-50 ஒட்டில்லாமல் தொங்கும், அல்லது அதுவும் போயிருக்கும். கடைக்காரர் "ஒரு தாள்தான் சார்" என்பார். ஒரு தாள் என்றால் நாலு பக்கம்.

பைண்டு செய்த தொகுப்புகள் சென்னையில் அல்லிக்குளம் பக்கமும் கிடைக்கும், லஸ் பக்கமும் கிடைக்கும். பைண்டர் ஓரத்தை வெட்டும்போது பேச்சுக் குமிழியின் ஓரமும் சேர்ந்து போயிருக்கும், அதனால் சேகரிப்பாளர் மதிப்புக் குறைவு. படிக்க மட்டும் வேண்டும் என்றால் அதுவே உத்தமம். உள்பக்கங்கள் காற்று படாமல் தனி இதழைவிட வெளுப்பாக இருக்கும். மறுபதிப்பு வந்த கதையென்றால் மறுபதிப்பை வாங்குங்கள். கதை ஒன்றுதான், பூச்சி மட்டும் குறைவு.

வேளச்சேரி ஈரப்பதம்:

பூச்சி என்றதும் வந்துவிட்டேன். ராமபாணப் பூச்சி காகிதத்தைவிடப் பசையையும் அட்டையின் மேல்பூச்சையும்தான் முதலில் தின்னும். பாச்சை உருண்டை போட்டால் நாற்றம் காகிதத்தில் ஏறி இறங்கவே இறங்காது. பச்சை வேப்பிலை வைப்பது இன்னும் மோசம், இலையின் ஈரம் உள்ளே போகும்.

பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், இதழை ஜிப் கவரில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க மூடியபடியே இருக்கட்டும். ஆர்வத்தில் உடனே திறந்தால் சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த காகிதத்தில் வியர்த்துவிடும். பூச்சி செத்திருக்கும், புத்தகமும் செத்திருக்கும்.

பழைய இதழ்கள் நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதம். அந்தக் காகிதத்திலேயே அமிலம் இருக்கிறது, மஞ்சளாவதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயிலில் காயப்போடும் பழக்கம் வேண்டாம், அது மஞ்சளை விரைவுபடுத்தும். நிழலில் ஃபேன் காற்று போதும். உறை பாலிப்ராப்பிலீனாக இருக்கட்டும். பிசுபிசுக்கும் பிவிசி உறை மையை உரித்தெடுக்கும். செலோடேப் தொடவே கூடாது. 20 லிட்டர் மூடி டப்பாவுக்கு 100 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. உள்ளே 45 முதல் 55 சதவீதம் காட்டினால் நிம்மதி. ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் இந்தப் பக்கத்து வீடுகளில் நனைந்தவற்றில் நியூஸ்பிரிண்ட் இதழ்களைப் பெரும்பாலும் மீட்க முடிந்தது. ஆர்ட் பேப்பரில் வந்த வண்ண இதழ்கள்தான் போயின. அந்தப் பளபளப்பு நனைந்து காய்ந்தால் பக்கங்கள் செங்கல் மாதிரி ஒன்றாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே பிரித்து நடுவில் வெண்தாள் வைக்க வேண்டும். எண்ணிக்கை அதிகம் என்றால் ஈரத்தோடு ஃப்ரீசரில் போட்டுவிட்டு ஒரு நாளைக்கு நாலு இதழாக எடுத்துப் பிரிக்க வேண்டும். 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சை.

திருவல்லிக்கேணி வாசகர்:

துருப்பிடித்த பின்னைக் கழற்றலாமா என்று தனியாக இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேளச்சேரி, சொல்லுங்க.

வேளச்சேரி ஈரப்பதம்:

கழற்றலாம் அண்ணே. நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரண்டு காலையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தணும், அப்புறம் முதுகுப் பக்கமிருந்து நேராக வெளியே எடுக்கணும். நகத்தால் நெம்பினால் துளை கிழியும். துருப்பொடியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். இறுக்க வேண்டாம், பழைய காகிதத்தை நூலே அறுத்துவிடும்.