பதின்மூன்று இதழ் பூ

மோதிரத்துக்கான வெள்ளித் தகட்டில், நுனியில் பூ வடிவம் கொண்ட அச்சை நிறுத்தி சுத்தியலால் ஓர் அடி போட்டேன். எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் வெறும் கீறல். அதே இடத்தில்தான் வைக்கிறேன் என்று நம்பி இன்னோர் அடி. எட்டு இதழ் இருக்க வேண்டிய பூவில் எண்ணியபோது பதின்மூன்று இருந்தது.

ஒரு வாரம் அச்சையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். தகட்டை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டையை மேசையின் நடுவில் வைத்திருந்தேன். அடிக்கும்போதெல்லாம் பலகை துள்ளி, பாதி அடியைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது கட்டை, மேசைக் காலுக்கு நேர் மேலே இருக்கிறது. 200 கிராம் சுத்தியலைத் தள்ளிவைத்துவிட்டு அரைக் கிலோ சுத்தியலை எடுத்தேன். கையை ஓங்க வேண்டியதில்லை, கனமே பார்த்துக்கொள்கிறது. பூ ஒரே அடியில் விழுகிறது. அடித்தபின் தகடு வில் போல வளையும். மரக் கொட்டாப்புளியால் தட்டினால் பூ நசுங்காமல் நேராகிவிடும்.

உங்கள் முதல் தகடு எப்படிப் போனது?

* * *

என்னுடையது ஒரு புள்ளியால் போனது. பதக்கத்தில் ‘நிழல்’ என்று எழுத ஆசை. தமிழ் எழுத்து அச்சு கையில் இல்லாததால் கோடு, வளைவு, புள்ளி என்ற மூன்றே அச்சுகளைக் கொண்டு எழுத்துகளைக் கட்டினேன். ‘ழ’ மட்டும் ஒரு மாலைப் பொழுதைத் தின்றது. கடைசியில் ‘ல்’லின் புள்ளி. இடம் போதாமல் தகட்டின் விளிம்பருகே அடித்தேன். விளிம்பு பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அரத்தால் ராவினேன், புள்ளியும் பாதி போயிற்று. இப்போதெல்லாம் முதலில் அச்சு, பிறகுதான் வெட்டு. சுற்றிலும் சில மில்லிமீட்டர் தகட்டை மிச்சம் வைக்கிறேன். நடு எழுத்தை முதலில் அடித்துவிட்டு இருபுறமும் நகர்கிறேன்.

* * *

நான் காப்புக்கான தகட்டையே உருக்கியவன். 925 வெள்ளியில் ஆயிரத்தில் 75 பங்கு செம்பு. அடி வாங்க வாங்க இறுகிவிடும், பிறகு வளைத்தால் விரிசல் விடும். இளக்குவதற்குக் காய்ச்ச வேண்டும் என்று படித்துவிட்டு, நல்ல வெயிலில், திறந்த வெளியில் ஊதுவிளக்கை ஏற்றினேன். சுமார் 650 டிகிரியில் மங்கலான சிவப்பு தெரிய வேண்டும். வெயிலில் என்ன சிவப்பு தெரியும்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டினேன். 800 டிகிரியைத் தாண்டியதும் இந்த வெள்ளி உருகத் தொடங்கும். காப்பின் ஓரம் கண்ணெதிரே சுருண்டு மணியாகியது. இப்போது அரையிருட்டில்தான் காய்ச்சுகிறேன். தகட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடும் போடுகிறேன். கோடு மறைந்தால் தீயை விலக்கிவிடுவேன்.

இன்னொன்றும் உண்டு. கறை நீக்கும் அமிலத்திலிருந்து இரும்பு இடுக்கியால் எடுத்தேன், வெள்ளி இளஞ்சிவப்பாக வெளிவந்தது. அமிலத்தில் கரைந்திருந்த செம்பு இரும்பு பட்டதும் தகட்டில் ஒட்டிக்கொண்டது. செம்பு இடுக்கி வாங்கும்வரை மரக் குச்சியால் சமாளித்தேன்.

* * *

சுருக்கமாக என் கதை: பழைய திருப்புளியின் நுனியை அரத்தால் ராவிப் பிறை அச்சு செய்தேன். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். மறுபடி மிதமாகச் சூடாக்கி வைக்கோல் நிறம் வரவைக்க வேண்டிய படியைச் சோம்பலில் விட்டுவிட்டேன். மூன்றாவது அடியில் பிறையின் ஒரு முனை தெறித்துப் பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடியில் கீறல் இன்றும் இருக்கிறது. கண் நலம்.

* * *

தொடங்கிவைத்தவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். அந்தப் பதின்மூன்று இதழ் மோதிரத்தைக் கருக்கினால் பிழை மறையும் என்று தோன்றியது. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை நசுக்கி, மோதிரத்தோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தேன். கந்தகம் வேலையைச் செய்தது. மேற்பரப்பை மெருகிட்டதும் கறுப்பு பள்ளங்களில் மட்டும் தங்கியது. தங்கியதால், முன்பு உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிந்த இரட்டைக் கோடுகள் இப்போது அறையின் மறுமூலையிலிருந்தே தெரிகின்றன.