டெக்சாஸ் கிராமப்புற கவுண்டியில் டிராஃபிக் டிக்கெட் பதிவு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மேற்கு டெக்சாஸில் இன்டர்ஸ்டேட் 10-ல், 80 மைல் வரம்புள்ள இடத்தில் 91 மைல் வேகத்தில் போனதாக மாநில ட்ரூப்பர் (மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்) ஒரு மாணவருக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறார். அதன் பதிவு ஆன்லைனில் கிடைக்கவில்லை.

நகரப் போலீஸ் கொடுத்தால் முனிசிபல் கோர்ட். ட்ரூப்பரோ, ஷெரிஃபின் டெபுடியோ (கவுண்டி போலீஸ்) கொடுத்தால் பெரும்பாலும் சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட். கவுண்டி கிளார்க் தளத்தில் தேடிப் பயனில்லை. ஒரே கவுண்டியில் பல பிரசிங்க்ட் (கோர்ட் எல்லைப் பிரிவு) இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. எந்த பிரசிங்க்ட் என்பதை டிக்கெட்டிலேயே பாருங்கள். நம் பெயர்களில் அப்பா பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிப் பதிவாவது சகஜம் என்பதால் சைட்டேஷன் எண் (டிக்கெட் எண்), பிறந்த தேதி இரண்டையும் சொல்லித் தேடச் சொல்வதே நல்லது.

பதிவு இன்னும் ஏறவில்லை என்பதால் வழக்கு இல்லை என்று இருந்துவிடக் கூடாது. ஆஜராக வேண்டிய தேதி தவறினால் வாரன்ட் வரலாம், லைசென்ஸ் புதுப்பிப்பும் நிற்கலாம். வேகம் வரம்பைத் தாண்டியது 25 மைலுக்குக் குறைவு, 95-ஐயும் தொடவில்லை; ஆகவே டிக்கெட்டைத் தள்ளுபடி செய்ய உதவும் டிரைவிங் சேஃப்டி கோர்ஸ் கேட்க வழி உண்டு. அதையும் அந்தத் தேதிக்குள் கேட்டாக வேண்டும். சர்ட்டிஃபைடு மெயிலில் கேட்கலாம்.

இப்படிப்பட்ட சின்ன கோர்ட்டுகளில் கிளார்க்கைப் பிடிக்க எந்த நேரம் சரி? பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்துக்கு உதவும் சான்றளித்த தீர்வு நகலை (வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் கோர்ட் ஆவணம்) தபாலிலேயே வாங்கியவர்கள் இருந்தால், கடிதத்தில் என்னென்ன எழுதினீர்கள், கட்டணத்தை எப்படி அனுப்பினீர்கள் என்று சொல்லுங்கள்.