புதுப்பிப்பு: மணிலாவுக்குப் போன என் வேலை

ஐந்து மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன். அமெரிக்க டாக்டர்களின் குரல்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் எங்கள் குன்னூர் அலுவலகம், வேலையை மணிலாவுக்கு மாற்றிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பியது. அப்புறம் என்ன ஆச்சு என்று பலர் கேட்டீர்கள்.

ஆட்குறைப்பு இழப்பீடு வந்துவிட்டது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம், ஏழு வருடத்துக்கு. 2020 தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் மறுபயிற்சி நிதி என்று, மொத்தமாக இன்னொரு 15 நாள் சம்பளமும் உண்டு. வேலை போன 45 நாளுக்குள் நம் கணக்கில் போட வேண்டும். அதில் என்ன கற்பது? கோத்தகிரியிலிருந்து கோவை போய்வரும் பஸ்ஸுக்குச் சரியாகப் போகும்.

ஆனாலும் போனேன், மெடிக்கல் கோடிங் படிக்க. நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றும் வேலை அது. நோய்ப் பெயர்கள் ஏற்கெனவே காதில் பழகியவை. ஆனால் கை முறிந்தது என்றால் போதாது. இடதா வலதா, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா, எல்லாம் ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலின் குறியீட்டிலேயே வர வேண்டும். முதல் மாதம் அழுதேன்.

வகுப்பு இடைவேளையில் ஒன்று படித்தேன். வெளிநாட்டுப் போட்டியால் வேலை இழப்போருக்குப் பயிற்சி தர அமெரிக்காவில் 1962-இல் தொடங்கிய திட்டம், 2022 ஜூலை முதல் புது மனுக்களுக்கு ஒப்புதல் தருவதில்லையாம். என் நாற்காலி வேலையை எனக்கு முன் அங்கே யாரோ ஒருத்தி செய்திருப்பாள். அவளை அதுவரை நான் நினைத்ததே இல்லை.

சரி, வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் கொஞ்சம் குறைவு, வீட்டிலிருந்தே செய்யலாம். மழைக்கு மரம் விழுந்தால் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் வராது என்பதை மட்டும் இன்னும் புது கம்பெனியிடம் சொல்லவில்லை.