ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகு ஆட்டோமேட்டிக் கியர் தாமதமாகப் பிடிக்கிறது, கூடவே ஊளைச் சத்தம்

சாலைப்பிரியன்:
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே இறக்கி, அடியில் ஆயில் நிற்கும் தட்டான பேனைக் கழற்றி, ஃபில்டரையும் பேன் விளிம்பில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் மாற்றினேன். ரியர் வீல் டிரைவ், நாலு கியர், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி உள்ள பழைய வகை. அதற்கு முன் வண்டியில் ஒரு குறையும் கிடையாது, கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வந்துவிட்டது என்பதால்தான் கை வைத்தேன். இப்போது காலையில் ஸ்டார்ட் செய்து டிரைவ் போட்டால் இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடப்பதில்லை, அப்புறம் தடக்கென்று பிடிக்கிறது. ரிவர்ஸும் அப்படித்தான். ஐடிலில் மெல்லிய ஊளை கேட்கிறது, ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் அதுவும் கூடவே ஏறுகிறது. இறங்கியது சுமார் 4.5 லிட்டர், ஊற்றியதும் அவ்வளவுதான். டெக்ஸ்ரான் 6 ரக ஆயில் ஊற்றினேன், கையேடு கேட்பதும் அதுவே. கியர்பாக்ஸே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பழைய ஸ்பேனர்:
முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள் நண்பரே. பார்க்கில் நிற்கும்போதே கேட்டு, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிற ஊளை என்றால் அது பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்பின் சத்தம். பம்புக்கு ஆயில் போதவில்லை, அல்லது ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. அந்த நிலையில் ஓட்டினால் பிரஷர் குறைந்து கிளட்ச் தகடுகள் வழுக்கும், வழுக்கினால் எரியும். இன்றைக்குச் சின்ன வேலையாக இருப்பது நாளைக்குப் பெரிய செலவாகிவிடும்.

அளவைச் சரியாகப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் குளிர்ந்த நிலையில் பார்த்தால் இந்த வகையில் எதுவும் தெரியாது. சமதரையில் நிறுத்தி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு, பிரேக்கை மிதித்துக்கொண்டே எல்லா கியரிலும் சில விநாடி வைத்துவிட்டுப் பார்க்குக்கு வாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஹோண்டா மாதிரி சில வண்டிகளில் மட்டும் எஞ்சினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள், அது வேறு கதை. அளவு மட்டுமல்ல, ஆயிலில் குமிழ் இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

வேகத்தடை:
ப்ரோ, புது ஆயில் செட்டாகக் கொஞ்சம் ஓட வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளும். இல்லையென்றால் சீல்களை மென்மையாக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றிப் பாருங்கள், எனக்குத் தெரிந்த வண்டியில் சத்தம் போய்விட்டது.

பழைய ஸ்பேனர்:
தம்பி, நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் இங்கே அது ஆபத்து. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வது கியர் மாறும் நயத்தைத்தான், பம்ப் ஊளையிடுவதை அதனால் நிறுத்த முடியாது. நேற்றுவரை நன்றாக இருந்த கியர் பெட்டி, பேனைக் கழற்றி மாட்டியதும் கத்துகிறது என்றால் கழற்றி மாட்டிய இடத்தில்தான் தேட வேண்டும். மருந்து ஊற்றினால் அறிகுறி மங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

சாலைப்பிரியன்:
சொன்னபடி பார்த்தேன். சூட்டில் அளவு மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, குறை இல்லை. ஆனால் டிப்ஸ்டிக் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ், சோப்பு நுரை மாதிரி. நிறம் சிவப்புதான், எரிந்த வாடை இல்லை. பேனைக் கழற்றியபோது அதிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது, விரலில் தேய்த்தால் மை மாதிரி வழுவழுப்பு, உலோகச் சில்லு எதுவும் படவில்லை. வெளியே ஒழுகலும் இல்லை.

கிரீஸ்கை:
காந்தத்துப் பசையை நினைத்துக் கவலை வேண்டாம். அது கிளட்ச் தகடும் இரும்பும் காலப்போக்கில் தேய்ந்த துகள், எல்லாப் பெட்டியிலும் இருக்கும். விரலில் குத்துகிற சில்லோ, பளபளக்கும் பித்தளைத் துணுக்கோ இருந்திருந்தால்தான் பயப்பட வேண்டும்.

நுரைக்கு இரண்டு காரணம்தான் வழக்கமாகப் பார்ப்போம். ஆயில் அதிகமாகி, சுழலும் பாகங்கள் அதில் முங்கிக் கடைவது ஒன்று. உங்கள் அளவு சரியாக இருப்பதால் அதை விட்டுவிடலாம். மற்றது, பம்ப் உறிஞ்சும் பாதையில் எங்கோ காற்று நுழைவது. ஃபில்டர் பேனுக்குள் ஆயிலில் மூழ்கியிருக்கும், ஆனால் அதன் கழுத்து மேலே பம்பின் துளைக்குள் போய் உட்காரும் இடத்தில் ஒரு சீல் இருக்கும், அது ஆயில் மட்டத்துக்கு மேலே. அங்கே ஒரு மயிரிழை இடைவெளி போதும், பம்ப் ஆயிலை விட்டுக் காற்றை உறிஞ்சும், அது உள்ளே போகிற வழி என்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. இரவெல்லாம் நிற்கும்போது அந்த வழியாகவே பாதையில் இருந்த ஆயில் கீழே இறங்கிவிடும், அதனால்தான் காலையில் முதல் கியர் தாமதம்.

பழைய ஃபில்டரை இழுத்தபோது அதன் சீல் கூடவே வந்ததா? பல சமயம் சீல் மேலேயே துளையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், ஆயில் படிந்த கருப்பு வளையம், கீழேயிருந்து பார்த்தால் உலோகத்தோடு உலோகமாகவே தெரியும். அதன் மேல் புதுச் சீலோடு ஃபில்டரைத் தள்ளினால் கழுத்து முழுதாக ஏறாது. பேனை மூடிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

மறுபடி இறக்கும்போது ஆயில் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கூடாது, கை வெந்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். சீலை எடுக்கச் சிறிய கொக்கியால் அதன் விளிம்பை உள்பக்கம் மடக்கி இழுங்கள். சுற்றியிருப்பது அலுமினியம், அதில் கீறல் விழுந்தால் புதுச் சீலும் காற்றைத் தடுக்காது, அவசரமே வேண்டாம். புதியதில் ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தடவி, அதே அகலமுள்ள சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி உட்கார வையுங்கள்.

சாலைப்பிரியன்:
அண்ணா, பேனைத் திரும்ப மாட்டும்போது கேஸ்கெட்டில் கொஞ்சம் சிலிக்கான் தடவட்டுமா? புதியது வாங்க வேண்டுமா?

கிரீஸ்கை:
சிலிக்கான் வேண்டாம். கேஸ்கெட்டோடு வருகிற பெட்டிகளில் உலர்ந்த கேஸ்கெட்தான். பிதுங்கும் சிலிக்கான் உள்ளே உதிர்ந்தால் ஃபில்டரிலோ, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியிலோ போய் அடைக்கும். நடுவில் உலோகம் உள்ள ரப்பர் கேஸ்கெட் நசுங்காமல் இருந்தால் மறுபடி போடலாம், கார்க் என்றால் புதியது வாங்குங்கள். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். இந்த மாதிரிப் பேன்களில் பெரும்பாலும் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான், சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். பலம் காட்டினால் பேன் விளிம்பு வளைந்து, அதற்குப் பிறகு எந்தக் கேஸ்கெட்டாலும் ஒழுகலை நிறுத்த முடியாது.

மண்வாசனை:
இடையில் ஒரு கேள்வி, என் வண்டியில் டிப்ஸ்டிக்கே இல்லை, பக்கவாட்டில் ஒரு பிளக் மட்டும் இருக்கிறது. நான் எப்படி அளப்பது?

பழைய ஸ்பேனர்:
அது வழிந்தோடும் முறை. வண்டி முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் வெப்பம் ஸ்கேனரில் தெரிய வேண்டும். இசட்.எஃப் நிறுவனத்தின் ஆறு, எட்டு கியர் பெட்டிகளில் 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் பிளக்கைத் திறந்து, மெல்லிய நூலாக வழிந்தால் அளவு சரி. சூடு ஏறினால் ஆயில் விரிந்து வழியும், அதைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று மூடினால் உண்மையில் குறைவாகத்தான் இருக்கும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் பழையதை இறக்குவதற்கு முன் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இறுகிப்போய், உள்ளே ஆயிலும் இல்லாமல் வண்டி அடியில் படுத்திருப்பது மாதிரி நரகம் வேறில்லை.

சாலைப்பிரியன்:
கண்டுபிடித்தாயிற்று! டார்ச்சை நேராகப் பிடித்துப் பார்த்தபோது துளைக்குள் பழைய சீல் அப்படியே இருந்தது, விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. புது ஃபில்டரின் கழுத்தில் அது ஏறி நின்ற தடம் வட்டமாகப் பதிந்திருக்கிறது. கொக்கியால் மெதுவாக மடக்கி எடுத்தேன், அலுமினியத்தில் கீறல் இல்லை. புதுச் சீல் போட்டு, ஃபில்டரைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் ஊளை போய்விட்டது. இன்று காலை டிரைவ் போட்டவுடனே பிடித்தது, டிப்ஸ்டிக்கில் குமிழும் இல்லை. இருவருக்கும் மனதார நன்றி. பேனில் இறங்கியது மட்டும்தான் மாறியிருக்கிறது, மீதிப் பழைய ஆயிலை என்ன செய்வது?

கிரீஸ்கை:
மகிழ்ச்சி. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாய்களிலும் பாதிக்கு மேல் பழையது தங்கியிருக்கும், அது இயல்புதான். உங்கள் ஆயில் சிவப்பாகவும் வாடையில்லாமலும் இருப்பதால் உடனே ஒன்றும் செய்ய வேண்டாம். விருப்பமிருந்தால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு டிரெயின் பிளக் வழியாக மட்டும் ஒருமுறை இறக்கி ஊற்றுங்கள், பேனைக் கழற்றத் தேவையில்லை. இறக்கியதைப் பழைய ஆயில் வாங்குகிறவர்களிடம் மூடிய கேனில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பேன் விளிம்பைத் துணியால் துடைத்து, ஈரம் படிகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.