புதுப்பிப்பு: வெளிநாடு வந்த ஆண்டு நிறைவை எப்படிக் கொண்டாடினோம்

குடிபெயர்ந்த 5ஆம் ஆண்டு நிறைவை எப்படி நினைவுகூரலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பயணம், புகைப்படத் தொகுப்பு எனப் பல வந்தாலும், வந்த புதிதில் கைகொடுத்தவர்களை வீட்டுக்கு அழையுங்கள் என்ற யோசனையே எங்களுக்குப் பொருந்தியது. முதல் குளிர்காலத்தில் எங்கள் மகளுக்கு மேலங்கி தந்த பக்கத்து வீட்டு அம்மாள், அதை நாங்கள் இன்னும் வைத்திருப்பதைக் கண்டு, நிறம் மாறிய ஒரு பொத்தானைத் தடவி, அதைத் தாம் தைத்த கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது: வந்திறங்கிய நாளை உறுதிசெய்யப் பழைய கடவுச்சீட்டின் நுழைவு முத்திரைகளைப் பார்த்துத் தேதிவாரியாக எழுதிய பட்டியல், நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தில் நாட்டுக்கு வெளியே இருந்த நாட்களைக் கேட்கும் பகுதிக்கு அப்படியே உதவியது. பல நாடுகள் இவ்விவரத்தைக் கேட்பதால், காலாவதியான கடவுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.